மவுத்தானவர் போட்ட ரிட்டர்ன்

பேகம்பூர், திண்டுக்கல்
10.7.2024

தம்பி தப்ரேஸுக்கு, மதினி நர்கீஸ் சலாம் சொல்லி எழுதுறது.

புருசன் மவுத்தாகி இத்தாவுல வீட்டோட இருக்கிறவ கொழுந்தன்கிட்டப் பேசக் கூடாதுன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. அடுத்த தெருவுல இருக்கிற உனக்குக் காயிதம் எழுதி என் மக ரஃபியாகிட்ட குடுத்து விட வேண்டியிருக்கு.

ஆடிட்டர் மரியராஜ் சார் போன் பண்ணினார். உன் அண்ணனோட வருமான வரி ரிட்டர்னை இந்த வருசம் வாரிசுன்னு நான்தான் தாக்கல் பண்ணணுமாம். அவர் வரித்துறை வெப்சைட்டுல போய்ப் பாத்தா, போன வாரமே தாக்கல் ஆயிருக்காம். அதுவும் அண்ணன் போனுக்கு வந்த ஓடிபியப் போட்டு! அந்தப் போன் தோல் மண்டியில உன்கிட்டதானே இருக்கு? மே மாசம் மவுத்தான மனுசன் ஜூலையில எந்திரிச்சு வந்து "எல்லாம் உண்மை"ன்னு உறுதி குடுத்திருக்கார். உனக்குப் புத்தி கித்தி இருக்கா?

நர்கீஸ்

11.7.2024

மதினிக்கு, தப்ரேஸ் சலாம்.

கோவிச்சுக்காதீங்க. இத்தாவுல இருந்துக்கிட்டு வாரிசு சான்று, அது இதுன்னு நீங்க அலைய முடியுமா? ஆம்பளை நான் எதுக்கு இருக்கேன்? கணக்குல ஒரு பிசகும் இல்லை. நம்மகிட்ட தோல் வாங்குற வாணியம்பாடி பார்ட்டிங்க அண்ணன் நம்பர்லதான் கூப்பிடுறாங்க, போன் இங்கயே இருக்கட்டும்.

வீட்டுல தாளிச்சாக் குழம்பு வச்சாங்க, குடுத்து விட்டிருக்கேன்.

தப்ரேஸ்

12.7.2024

தம்பிக்கு,

தாளிச்சா நல்லா இருந்துச்சு. பதில்தான் நல்லா இல்லை.

வாசலைத் தாண்டாட்டி எனக்குக் கையுமா இல்லாமப் போச்சு? வாரிசு சான்றை ரஃபியா இ-சேவை மையத்துல எழுதிப் போட்டு வாங்கிட்டா. செஞ்சது தப்பு, நோட்டீஸ் வந்தாலும் வரும்ங்கிறார் மரியராஜ் சார். வந்தா யாரு பதில் சொல்றது? நான்தானே!

அடக்கத்துக்கு ஆம்பளைங்க அம்புட்டுப் பேரும் போனீங்க. நான் கதவுக்குப் பின்னாடி நின்னேன். இத்தனை வருசம் அவரோட குடித்தனம் பண்ணினவ அவருக்குன்னு கடைசியாச் செய்ய இது ஒண்ணுதான் இருக்கு. அதையும் பிடுங்கிக்கிட்டியேப்பா. போனையும் பாஸ்வேர்டையும் அனுப்பு. இல்லைன்னா ஜமாத்துல சொல்லிருவேன்.

நர்கீஸ்

13.7.2024

மதினிக்கு,

போனும் பாஸ்வேர்டும் ரஃபியாகிட்ட குடுத்திருக்கேன். ஜமாத்துக்கெல்லாம் போக வேணாம்.

வாரிசுப் பதிவுக்குத்தான் மொதல்ல போனேன். மவுத்தான தேதியக் கேட்டுச்சு. அடிக்க விரல் வரலை மதினி. அண்ணன் பேர்லயே உள்ள போனேன். "வெல்கம் பேக், அப்துல் வாஹித்"னு வந்துச்சு. செத்த நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் அப்படியே போட்டு முடிச்சிட்டேன்.

பார்ட்டிங்ககிட்டயும் இன்னும் சொல்லலை. அண்ணன் வெளிய போயிருக்கார்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்.

தப்ரேஸ்

15.7.2024

தம்பி தப்ரேஸுக்கு,

இதை மொதல்லயே எழுதித் தொலைச்சிருந்தா நான் இம்புட்டுக் கத்தியிருக்க மாட்டேன்ல? உன் பேர்ல எனக்கு இருந்த கோவம் பாதிதான் போயிருக்கு. மீதி அப்படியேதான் இருக்கு.

நேத்து ரஃபியா லேப்டாப்பைத் திறந்து வச்சா. நீ பாத்த மாதிரியே அவர் பேரு வந்துச்சு. நானும் ஆசை தீரப் பாத்தேன். அழுதேன். பிறகு என் பேர்ல வாரிசுப் பதிவுக்குள்ள போய், தேதிய நானே அடிச்சேன். உறவுன்னு கேட்ட இடத்துல மனைவின்னு போட்டேன். நீ போட்டதைத் திருத்திச் சரியாப் போடுறதை மரியராஜ் சார் பாத்துக்கிறேன்னிருக்கார்.

போனைத் திருப்பி அனுப்பியிருக்கேன். காலையில இருந்து வாணியம்பாடிக்காரர் ரெண்டு தடவை கூப்பிட்டுட்டார். நான் எடுக்கலை. என் பங்கை நான் செஞ்சிட்டேன். அவர்கிட்ட நீ சொல்லு.

மதினி
நர்கீஸ்