எல்லார் உடம்பிலும் இருக்கிறது, அக்கா

என் ராணியக்காவுக்கு,

நீ படுத்திருந்த கட்டிலை இன்னும் எடுக்கவில்லை. எடுக்கலாம் என்று போவேன், போர்வையை உதறிவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். கை ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. நேற்று கம்பெனியில் ஷூவின் மேல்தோலைத் தைக்கும்போது தையல் கோணிப்போய், பிரித்துத் தைக்கச் சொல்லிவிட்டார் சூப்பர்வைசர். உன்னிடம் சொன்னால்தான் எனக்கு அடங்கும். உன் மகள் ரேவதிக்கு வந்த சம்பந்தம் அந்தரத்தில் தொங்குகிறது, உன் நோயால்.

கலவை ஊரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் நல்ல மாதிரி. அவனுடைய அம்மா காபியை வாங்கிக்கொண்டே, "பொண்ணோட அம்மாவுக்குச் சின்ன வயசாச்சே, இன்னாத்தால போய்ட்டாங்க?" என்று கேட்டாள்.

மாமா மறைக்கவில்லை. "கல்லீரல் கெட்டுப்போச்சும்மா. ஹெபடைட்டிஸ் சி."

"வைரஸா? அது எப்டி வந்துச்சு?"

அவள் இழுத்த இழுப்பில் மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எம் பொண்டாட்டிய ஒரு குத்தம் சொல்ல முடியாது. டாக்டரம்மாவே சொன்னாங்க, அவ உடம்புலயே ஒரு புரோட்டீன் இருந்துச்சாம். அதைப் பிடிச்சுக்கினுதான் வைரஸ் பெருகுச்சாம்."

உன் பேரைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னார். அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்போ அதே உடம்புதானே பொண்ணுக்கும்?"

அன்றிலிருந்து எனக்கும் அதே கேள்விதான் அக்கா. உன் உடம்பே அந்த வைரஸுக்கு வேலை செய்து கொடுத்ததா? வந்தவர்களுக்கெல்லாம் சோறு போடுகிறவளாயிற்றே நீ. உள்ளே வந்தது யாரென்று தெரியாமல் அதற்கும் போட்டாயா?

பொறுக்க முடியாமல், பர்மிஷன் போட்டுவிட்டு ரேவதியோடு காட்பாடிக்குப் போனேன். உனக்குப் பார்த்த அதே டாக்டரம்மா. அந்தப் புரோட்டீனுக்குப் பேர் சைக்ளோபிலினாம். உடம்பில் இருக்கிற மற்ற புரோட்டீன்கள் சரியாக மடிந்து உருவத்துக்கு வர அது உதவுகிறதாம். வைரஸ் வந்தால், அதையே தனக்கும் பயன்படுத்திக்கொள்கிறதாம். இன்னும் சில வைரஸ்களும் அப்படித்தானாம்.

"எங்க கம்பெனியில கால் மாதிரி அச்சு இருக்கும்மா. அதுல இழுத்து மாட்டுனாத்தான் தோலு ஷூ ஆகும். அந்த மாதிரியா?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனா அச்சு சும்மா இருக்கும், இது புரோட்டீனைப் பிடிச்சுத் திருப்பிவிடும்."

"எங்க அக்காவுக்கு மட்டும் ஏன்மா அது இருந்துச்சு?"

"யார் சொன்னது? உங்களுக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. அது இல்லாத மனுஷங்களே கிடையாது. வைரஸ் வந்தது ரத்தத்து வழியா. எப்பவோ ஏத்தின ரத்தமோ, ஒருத்தருக்குப் போட்டு அப்படியே இவங்களுக்கும் போட்ட ஊசியோ, இப்ப சொல்ல முடியாது."

இந்தப் புரோட்டீனைத் தடுத்து வைக்கிற மருந்தை இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம். வைரஸையே அழிக்கிற மாத்திரை இப்போதே இருக்கிறது. நாம்தான் நேரம் கழித்துப் போனோம். இதை எழுதும்போது எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன் அக்கா.

அம்மாவுக்கு வைரஸ் இருந்தால் பிள்ளைக்கும் பார்ப்பது நல்லது என்றார். ரேவதிக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவளுக்கு ஒன்றும் இல்லை. நீ கேட்க வேண்டும் என்று சத்தமாக எழுதுகிறேன். ஒன்றும் இல்லை.

மாமாவோ, "இனிமே யாரு கேட்டாலும் ஹார்ட் அட்டாக்குன்னு சொல்லிடலாம், பேஜாரு இல்ல" என்றார். ரேவதி தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். "எங்கம்மா எதால செத்தாங்கன்னு சொல்ல நீ வெக்கப்பட்டா, எனக்குக் கல்யாணமே வேணாம்ப்பா." மாமா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதனால் நானே கலவைக்குப் பஸ் ஏறினேன். டாக்டரம்மா சொன்னதை எல்லாம் சொன்னேன். பையனின் அம்மா விடவில்லை. "டெஸ்ட்டுல ஒண்ணும் இல்ல, சரி. அந்தப் புரோட்டீன் இருக்குதா இல்லியா?"

"இருக்குதுக்கா. உங்களுக்கும் இருக்குது."

"எனக்கா? எங்க வம்சத்துலயே அந்த மாதிரி எதுவும் கெடையாது!"

"உங்க பையனுக்கும் இருக்குது."

பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "சும்மா இருடா" என்று அவனை அதட்டிவிட்டு என்னிடம், "சொல்லி அனுப்பறோம்" என்றாள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். திரும்பி வருகிற வழியெல்லாம் பஸ் ஜன்னலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வேறு இடம் போய்விட்டாள்.

நாள் போனது, சேதி வரவில்லை. இன்று சாயந்திரம் போன் வந்தது. அந்த அம்மாதான். கல்யாணத்தைப் பற்றிப் பேசுவாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏம்மா தனம், ரத்தத்து வழியா வரும்னு சொன்னியே. இவன் பொறக்கறப்ப எனக்கு ரத்தம் ஏத்தினாங்க. யாரு ரத்தமோ தெரியல. எனக்குத் தூக்கமே வர்ல. அந்த டாக்டரம்மாகிட்ட என்னையும் கூட்டிக்கினு போறியா? வீட்டுல யாருக்கும் சொல்லல."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. உன்னைப் பற்றி இழுத்து இழுத்துக் கேட்ட வாய்தானே என்று. அப்புறம் நீ ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் வந்துவிட்டு, "யாராச்சும் பாத்துடுவாங்கடி" என்று திரும்பி நடந்தது ஞாபகம் வந்தது. "வேலூர் பஸ் ஸ்டாண்டுல வந்து நில்லுங்கக்கா, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். கல்யாணப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அவள் ரேவதிக்கு மாமியாராக வருவாளோ மாட்டாளோ, எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று சொல்கிறேன் அக்கா. ஊசி குத்தும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருப்பேன். வாசலில் அவள் தயங்கினாலும் திரும்பிப் போக விடமாட்டேன்.

உன் முதுகுக்குப் பின்னாலேயே பிறந்தவள்,
தங்கச்சி தனம்