முதல் கணப்பு டிரைவர்களுக்கு

செண்பகனூர்,
மாசிக் கடைசி.

அன்பு மகள் சரண்யாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், அம்மாவுக்கு முழங்கால் வலி குளிருக்கு வருகிறது, வெயில் அடித்தால் போய்விடுகிறது, எனக்கு ஒரு குறையும் இல்லை. மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளை ஆனந்தும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்கப் பழனியாண்டவர் துணை நிற்கட்டும். போன வாரம் நீ போனில், லீசுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாச்சா என்று கேட்டபோது டவர் இல்லை என்று வைத்துவிட்டேன். டவர் நன்றாகத்தான் இருந்தது. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், எனக்கும் சுள்ளென்று வரும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

நீ சொல்லி அனுப்பிய சென்னைக் கம்பெனி முதலாளி சக்திவேல் வந்துவிட்டுப் போனார். அவர்கள் நம் அய்யனார் லாட்ஜை லீசுக்கு எடுத்து, ஒழுகுகிற ஓடுகளை எல்லாம் மாற்றி நடத்துவார்கள், நாங்கள் இரண்டு பேரும் சித்திரையில் உன் பிரசவத்துக்கு வந்து ஒரு வருஷமாவது உன்னோடு இருக்கலாம் என்று நீ போட்ட கணக்கில் எனக்கும் முக்கால்வாசி சம்மதம்தான். சித்திரை வைகாசி சீசனில் நான் இந்த வாசலை விட்டு நகர்ந்ததே இல்லை, இந்த ஒரு தடவையாவது பேரப்பிள்ளை முகத்தைப் பிறந்த அன்றே பார்த்துவிடலாம் என்று ஆசையாக இருந்தது. ஆனால் வந்த மனிதரை நம் ஆட்கள் வரவேற்ற அழகைக் கேள். அவர் தன் காரைத் தானே ஓட்டி வந்திருக்கிறார், பின்சீட்டில் கம்பெனிக் கணக்குப் பார்க்கும் பெரியவர் சால்வை போர்த்தி உட்கார்ந்திருக்கிறார். வாசலில் நிற்கும் நம் வேலைக்காரன் முனியனுக்கு வேறென்ன தோன்றும், பெரியவரை மாடி ரூமுக்கு அனுப்பிவிட்டு முதலாளியிடம், வெரசாக் கை கால் கழுவிட்டு வாங்கண்ணே, சுடுதண்ணி கெடக்கு என்று சொல்லி டிரைவர் ஹாலுக்குக் கூட்டிப் போய்விட்டான். நான் மாடியில் அந்தப் பெரியவரையே முதலாளி என்று நினைத்து லாட்ஜின் பெருமையெல்லாம் அளந்துகொண்டிருக்கிறேன், அவரோ தம்பி வரட்டும், தம்பி வரட்டும் என்கிறார். கடைசியில் கீழே வந்து பார்த்தால் சக்திவேல் கணப்புப் பக்கத்தில் சாக்ஸைக் காயப் போட்டுவிட்டு, நம் சமையல்காரி ஒய்யம்மாள் வைத்த பூண்டுக் குழம்பை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டபடி, தேனி டிரைவர் ஒருத்தரிடம் அடுக்கம் ரோட்டு வளைவுகளைப் பற்றிக் கதை கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. முனியனைக் கடிந்துகொண்டால், ஸ்டீரிங் புடிச்சு வந்தவரு டிரைவருதானுங்களே என்கிறான், அவனிடம் என்ன பேச.

நல்ல மனிதர், சிரித்துக்கொண்டேதான் இருந்தார். கல் சுவரைத் தட்டிப் பார்த்தார், தேக்கு மாடிப்படியில் இரண்டு தரம் ஏறி இறங்கினார், இதை இடிக்கச் சொல்கிறவன் பாவி என்றார். பிறகு, சார், இந்த ஹால்தான் இந்தக் கட்டடத்துக்கே உயிர், பள்ளத்தாக்கு முழுசும் தெரிகிறது, இதைக் காபி ஷாப் ஆக்கிவிடுவோம், டிரைவர்களுக்குப் பின்னால் வண்டி நிறுத்துகிற இடத்தில் ஷெட் போட்டுவிடலாம் என்றார். வியாபாரமாகப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பே இல்லை.

உன் தாத்தா சின்னச்சாமி வாடகைக் கார் ஓட்டினவர் என்பது உனக்குத் தெரியும், மிச்சக் கதையை நீ காது கொடுத்துக் கேட்டதில்லை. மதுரையிலிருந்து மலைக்கு ஆட்களை ஏற்றி வருவார், அவர்கள் உள்ளே கம்பளிக்குள் தூங்க இவர் காருக்குள் சுருண்டு கிடப்பார். ஒரு மார்கழியில் குளிர் தாங்காமல் ஒரு பெரிய ஓட்டலில் அடுப்பங்கரையில் கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன் என்று கேட்டதற்கு, வண்டியில போய்ப் படு என்று விரட்டியிருக்கிறார்கள். பிறகு ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஊரைவிட்டுப் போகும்போது கடனை உடனை வாங்கி இந்தப் பங்களாவை வாங்கினார். முன் ஹாலைக் கல்யாணமாகி வரும் ஜோடிகளுக்கு விடு, நல்ல வாடகை வரும் என்று சொந்தமெல்லாம் சொல்ல, அவர் அதில் கட்டில்களை வரிசையாகப் போட்டு டிரைவர்களுக்கு விட்டார். சாயங்காலம் மூட்டுகிற முதல் கணப்பு அங்கேதான், அப்புறம்தான் ரூம்களுக்கு. விறகு குறைந்தால் ரூமுக்கு இன்னொரு கம்பளி போகும், ஹாலில் நெருப்புக் குறையாது. தூங்கி எழுந்தவன்தான் மலை இறங்கணும், அவன் பின்னால நாலு உசுரு உக்காந்திருக்கு என்பார். பள்ளிக்கூடமே போகாத மனுஷனுக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. எங்களுக்கு முன்னால் டிரைவருக்குச் சாப்பாடு போட்டார்கள் என்று தங்கிப் போன யாரோ இன்டர்நெட்டில் ஒரு ஸ்டார் கொடுத்து எழுதியதை நீ வருத்தப்பட்டு அனுப்பினாயே, நான் அதை அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன், அவ்வளவு பெருமையாக இருந்தது.

ஹாலை மட்டும் அப்படியே விடுங்கள், மற்றதை உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள் என்று சக்திவேலிடம் கேட்டேன். அவரும் பங்குதாரர்களிடம் பேசிப் பார்த்தார், ஹால் இல்லாவிட்டால் லீசு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை அம்மா. உன் அம்மா, ஒங்கப்பா வச்ச வழக்கத்த நீங்க பாருங்க, எம் பொண்ணு பிரசவத்த நான் பாத்துக்கிறேன் என்று சொல்லிப் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கிவிட்டாள். ஆகவே சித்திரையில் அவள் மட்டும் வருகிறாள். நான் வரவில்லை. இந்த ஒரு வரியை எழுதத்தான் இத்தனை நேரம் சுற்றி வளைத்தேன். சீசனில் லாட்ஜை ஒப்படைத்துவிட்டு வர ஆள் இல்லை, வரமுடியாதது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது, நீ கோபப்பட்டால் அதுவும் நியாயம்தான்.

அம்மா இதுவரை விமானம் ஏறினதில்லை, மாப்பிள்ளையை ஏர்போர்ட்டுக்கு வெள்ளனே போய் நிற்கச் சொல். மலைப்பூண்டு கட்டிக்கொண்டு வருவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள், அங்கே பிடுங்கிப் போட்டுவிடுவார்கள் என்று நான் சொன்னால் காதில் ஏறவில்லை, நீ சொல். நேரத்துக்குச் சாப்பிடு, தனியாகக் கார் ஓட்டாதே. நீயும் பிள்ளையும் நூறாண்டு நல்லா இருக்கணும். வலி கண்டதும் மாப்பிள்ளையை எனக்குப் போன் செய்யச் சொல், மறந்துவிடாதே, இங்கே எந்த நேரமாக இருந்தாலும் பரவாயில்லை. தனியாக ரூமில் உட்கார்ந்து காத்திருக்க என்னால் ஆகாது, நான் ஹாலில் டிரைவர்களோடு இருப்பேன்.

உன் அப்பா,
சி. குமாரவேல்