கரி படிந்த சிட்டு

பெல்மர், பென்சில்வேனியா
மார்ச் 9, 1931

அன்புள்ள வெர்னா,

நான் நலம். நீங்களும் உங்கள் மியூசியத்து அந்துப்பூச்சிகளும் நலந்தானே?

பாடம் செய்த ஆறு பாட்டுச்சிட்டுகளை அனுப்பியிருக்கிறேன். எங்கள் எஃகு ஆலைக்குப் பின்னால் பிடித்தவை. இவ்வளவு கறுத்த சிட்டை யாரும் எழுதிவைத்ததில்லை. புதிய கிளையினம் என்றே நினைக்கிறேன். உங்கள் இழுப்பறையில் உள்ளவற்றோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள், கட்டுரை தயார். பள்ளிக்கூட வாத்தியாருக்கு இப்படி ஒரு தடவைதான் வாய்க்கும். அந்தக் கிளையினத்துக்கு உங்கள் பெயரை வைத்திருக்கிறேன். கோபிக்கக் கூடாது.

அன்புடன்,
ஆர்லோ

பாஸ்டன்
மார்ச் 27

அன்புள்ள ஆர்லோ,

உங்கள் சிட்டுகளை மற்றவற்றோடு வரிசையாக வைத்தேன். அலாஸ்காத் தீவுக்காரன் கறுத்த குண்டன். அரிசோனாக்காரன் மணல் நிறத்து ஒல்லி. இருபதுக்கும் மேற்பட்ட கிளையினங்கள், எல்லாம் ஒரே இனம்! இத்தனை வருஷம் பார்த்தும் அந்த இழுப்பறையைத் திறக்கும்போது மூச்சு நின்றுபோகிறது.

உங்களுடையவை எதனோடும் சேரவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் விரலைப் பார்த்தேன், கறுப்பு. ஒன்றைச் சோப்புத் தண்ணீரில் அலசினேன். அடியிலிருந்து வந்தது சாதாரணப் பழுப்புச் சிட்டு. ஒன்றாவது தப்பாதா என்று ஆறையும் கழுவினேன். அத்தனையும் உங்கள் ஆலைக் கரி, ஆர்லோ.

மறைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். முடியவில்லை. திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

வெர்னா

பாஸ்டன்
ஜூன் 14

ஆர்லோ,

பதினோரு வாரமாயிற்று. கிளையினம் போனால் போகட்டும். உங்கள் கடிதமும் போய்விட்டதே, அதுதான் தாங்கவில்லை.

வெர்னா

பெல்மர்
அக்டோபர் 7

அன்புள்ள வெர்னா,

வெட்கம். வேறு காரணமில்லை. கட்டுரையைக் கிழித்துப் போட்டேன். உங்கள் மேலும் கொஞ்ச நாள் எரிச்சலாக இருந்தேன்.

ஜூலையில் ஆலையை மூடிவிட்டார்கள். புகை நின்றது. நான் வசந்தத்தில் காலில் வளையம் மாட்டிவிட்ட சிட்டு ஒன்று, அப்போது அடுப்புக்கரி மாதிரி இருந்தது, இந்த வாரம் இறகு மாற்றி என் வேலியில் வந்து உட்கார்ந்தது. மார்பில் ஒவ்வொரு கீற்றும் தெரிந்தது. முதுகில் எத்தனை பழுப்பு! பக்கத்து வீட்டு ஸ்டாஷ், வேலை போனவர், எட்டிப் பார்த்தார்.

"என்ன வாத்தியாரே, குருவி குளிச்சிட்டு வந்துட்டுதா?"

"இதுதாங்க அதோட நெசமான நெறம்."

"இருபது வருசமா இங்கதான் இருக்கேன், ஒருநாளும் பாத்ததில்லையே!" என்று தொப்பியைக் கழற்றினார். நானும் கழற்றினேன். அது பாடியது.

பத்தொன்பதாம் தேதி உலையை மறுபடி மூட்டுகிறார்கள். ஊருக்குச் சோறு, எனக்கும் சந்தோஷந்தான். ஆனால் அதற்குள் நீங்கள் இதைப் பார்க்க வேண்டும்.

ஆர்லோ

பாஸ்டன்
அக்டோபர் 10

ஆர்லோ,

அடுத்த சனிக்கிழமை, பதினேழாம் தேதி, காலை ரயிலில் வருகிறேன். ஆறு வருஷமாக எழுதுகிறோம், உன் முகம் எனக்குத் தெரியாது. ஸ்டேஷனுக்கு நீயே வா.

வெர்னா