வங்கி வாசலில் நான் செத்த நாள்

ஏப்ரல் 22, திங்கள்

ஹினேஸ் இன்றும் பால்கனி நாற்காலியை விட்டு எழவில்லை. ஜனவரியில் பைபாஸ் ஆபரேஷன் முடிந்ததிலிருந்து என் புருஷனுக்கு அதுதான் வேலை. வலது கை விரல்களால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நாடி பார்ப்பது. நன்றாக நடக்கலாம், வேண்டுமானால் ஓடவும் செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கு என்ன, இதயம் அவருடையதா என்று கேட்கிறான்.

ஏப்ரல் 30

சிரிக்க வைக்காதே என்கிறான். தையல் பிரிந்துவிடுமாம். தையல் ஆறித்தான் எவ்வளவு காலமாயிற்று!

மே 9, வியாழன்

கீழ் வீட்டு ரமோனா வந்திருந்தாள். எங்கள் பேட்டைப் பெண்கள் சங்கம் சனிக்கிழமை பக்கத்துத் தபெர்னாஸ் பாலைவனத்துக்குப் பஸ் விடுகிறது. அந்தக் காலத்தில் கௌபாய் படம் எடுக்கப் போட்ட மர ஊர் அங்கே இன்னும் நிற்கிறது. இதே அல்மெரியாவில் பிறந்து வளர்ந்தும் நான் அதைப் பார்த்ததில்லை. ஹினேஸ் வர மாட்டேன் என்றான். சரி, நீ வீட்டில் இரு, நான் போகிறேன் என்றேன். தனியாக இருக்கப் பயந்துகொண்டு வருகிறான். எப்படியோ வருகிறானே.

மே 12, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. உடம்பெல்லாம் புழுதி, மனசெல்லாம் என்னவோ.

அந்த ஊரில் முகப்பு மட்டும்தான் இருக்கிறது. சிறைக்கூடத்துக்குப் பின்னால் போனால் முட்டுக்கொடுத்த கட்டைகளும் காய்ந்த மலையும். ஹினேஸை மதுக்கடைத் தாழ்வாரத்து நிழலில் உட்கார வைத்தேன். உட்கார்ந்த உடனே விரல் மணிக்கட்டுக்குப் போய்விட்டது.

பன்னிரண்டு மணிக்கு வங்கிக் கொள்ளை நாடகம். ஷெரீப் வேஷம் போட்ட பையன், வங்கிக்காரியாக நடிக்க ஒரு பெண் வேண்டும் என்று கேட்டான். "போடி என்கார்னா, நீதான் எதுக்கும் சரின்னு சொல்ற ஆளு" என்று ரமோனா என்னை முன்னால் தள்ளிவிட்டாள். என் உடுப்புக்கு மேலேயே ஒரு நீளப் பாவாடையைக் கட்டிவிட்டார்கள். சுட்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெத்தையில் விழ வேண்டும், அவ்வளவுதான்.

சுட்டார்கள். விழுந்தேன். மெத்தையில் இல்லை, பக்கத்து மண்ணில். நன்றாகத்தான் விழுந்தேன் போலிருக்கிறது. கூட்டம் கப்சிப்பென்று அடங்கிவிட்டது. கண்ணை இறுக மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

யாரோ ஓடிவரும் சத்தம்.

ஹினேஸ்! அந்த உச்சி வெயிலில், அந்த அகலத் தெருவைத் தாண்டி ஓடிவந்திருக்கிறான். தடுக்க வந்த ஷெரீப்பை ஒரே தள்ளாகத் தள்ளினானாம். இதுவும் ஆட்டத்தில் உண்டு என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியதாம். எல்லாம் ரமோனா பிறகு சொன்னது.

"என்கார்னா, கண்ணத் திற. ஏய்... கண்ணத் திறடி."

திறந்தேன். மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான், முகமெல்லாம் புழுதி.

"நீ ஓடியா வந்த?" என்று கேட்டேன்.

அவன் விரல்கள் என் மணிக்கட்டில் இருந்தன. என்னுடையதில்!

"உனக்குத்தான் படபடன்னு அடிக்குது" என்றான்.

ஷெரீப் எங்கள் காதருகே குனிந்தான். "அம்மா, கொள்ளை இன்னும் முடியல. செத்தவங்க கொஞ்ச நேரம் அப்படியே கிடங்க."

ஹினேஸ் சிரித்தான். வாய்விட்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். நானும் சிரித்தேன். அவ்வளவு சிரிக்கிற பிணத்தை அந்த ஊர் பார்த்திருக்காது.

பிறகு நிழலுக்குக் கூட்டிப்போனேன். இரண்டு பேரும் காத்திருந்தோம். எதற்கென்று இருவருக்கும் தெரியும். அது வரவில்லை.

"நெஞ்சு வலிக்குதா?"

"முட்டிதான் வலிக்குது."

பார்த்தால் கால்சட்டை கிழிந்து முழங்காலில் ரத்தம். ஒரு பீரும் பன்றித்தொடை வைத்த ரொட்டியும் கேட்டான். வாங்கிக் கொடுத்தேன். என் ரொட்டியில் பாதியையும் தின்றான்.

மே 13

முழங்காலுக்கு மருந்து போட்டேன். லிஃப்டில் ஏறுகிறவர்களிடமெல்லாம் கால்சட்டையைத் தூக்கிக் காட்டுகிறான். வெட்கமே இல்லை.

ஜூன் 3

தனியாகக் கடற்கரைக்குப் போய்விட்டு வந்தான். திரும்பி வரும்வரை நான் பால்கனியில்தான் நின்றேன். அவனிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

திருவிழாப் பந்தலில் ஹினேஸ் ரமோனாவோடு ஆடினான். ஒரு பாட்டு அல்ல, மூன்று பாட்டு! நான் என் கைப்பையையும் அவள் கைப்பையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வரும் வழி முழுக்கத் திட்டினேன். என்ன வாயில் வந்ததோ அதையெல்லாம் சொன்னேன். அவனும் விடவில்லை, பதிலுக்குக் கத்தினான். தெருவே திரும்பிப் பார்த்தது.

எட்டு மாதமாக அவனிடம் நான் குரல் உயர்த்தியதே இல்லை. அந்த நெஞ்சு தாங்காது என்று.

இன்று எவ்வளவு நிம்மதியாகச் சண்டை போட்டேன்.