சங்கரா கருவாட்டுப் பை

பிப்ரவரி 3, செவ்வாய்

பனி. ஸ்கூட்டர் கிளம்ப அடம். முதல் வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதம்.

பேக்கேஜிங் டிசைன் இறுதியாண்டுக்குப் பாடம். என் மாணவி வினோதினி செய்த கருவாட்டுப் பை சோதனையில் தேறியது. இடுப்புயரத்திலிருந்து பத்து தடவை போட்டோம், கிழியவில்லை. அறிக்கையில் கையெழுத்துப் போட்டு, பையையும் சேர்த்துக் கையோடு திருமலைராயன்பட்டினத்துக்கு அனுப்பியாயிற்று. அங்கே சாதிக் பாய், துபாய்க்குச் சங்கரா கருவாடு அனுப்புகிறவர். பை பிடித்தால் வினோதினிக்கு அவர் கம்பெனியில் வேலை. அவளைவிட எனக்குத்தான் படபடப்பு.

பைக்குள் போட்டது மட்டும் கருவாடு இல்லை, மோர்மிளகாய். எடை சரியாக இருந்தால் போதாதா? கருவாடு லேப் முழுக்க நாறும் என்று நான்தான் வேண்டாமென்றேன். நான் சைவம் வேறு.

வாங்க: பால், ஸ்கூட்டர் பிளக், சிவப்பு மை.

பிப். 4, புதன்

காலையிலேயே சாதிக் பாய் போன்.

"டீச்சர், பையில சங்கராவப் போட்டுத் தூக்குனேன். நாலு எடத்துல முள்ளு எட்டிப் பாக்குது. நீங்க எதப் போட்டுப் பாத்தீங்க?"

பொய் சொல்ல ஒரு நொடி ஆசை. சொல்லவில்லை. "மோர்மொளகாங்க."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "யா அல்லா! நான் துபாய்க்கு மொளகா அனுப்பலியே டீச்சர்!"

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வருகிறாராம். அதற்குள் சரியாகாவிட்டால் சென்னையில் பை வாங்கிக்கொள்வாராம். மானம் கப்பலேறியது. அது கிடக்கட்டும், இந்தப் பெண்ணின் வேலை?

வினோதினியைக் கூப்பிட்டுச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு, "கிழியும்னு அன்னைக்கே தெரியும் மேம்" என்றாள். "ஏம்மா அப்பவே சொல்லல?" என்று கத்திவிட்டேன்.

பிப். 5, வியாழன்

நல்ல வெயில். மார்க்கெட்டில் நானே 2 கிலோ சங்கரா கருவாடு வாங்கினேன். லேப் ஜன்னல் எல்லாம் திறந்தாயிற்று. பக்கத்து வகுப்பு சார் எட்டிப் பார்த்து, "லேப்பா, மீன் மார்க்கெட்டாங்க மேடம்?" "ரெண்டும்தாங்க."

தடித்த பிளாஸ்டிக், கிழிந்தது. இரட்டைப் பை, அதுவும். மூன்று மணிக்கு எல்லார் முகமும் தொங்கிப்போனது.

வினோதினி தரையில் உட்கார்ந்தாள். மெதுவாக, "எங்கம்மா கருவாடு விக்கிறாங்க மேம். அவங்க கூடையில அடுக்குறாப்புல அடுக்கிப் பாக்கட்டா?" இரண்டிரண்டாக, முதுகு முள் உள்பக்கம், வயிறு வெளிப்பக்கமாக அடுக்கினாள். பை அதே பழைய பை.

நானும் உட்கார்ந்து அடுக்கினேன். பிறந்ததிலிருந்து முதல் தடவை. எடுத்த எடுப்பில் பெருவிரலில் முள். "அழுத்தாதீங்க மேம், சும்மா வைங்க" என்று சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இருபது தடவை போட்டோம். ஒரு ஓட்டை இல்லை! எலுமிச்சம்பழம் மூன்று தேய்த்தும் கையில் வாசம் போகவில்லை. வீட்டுக்காரர் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டார்.

பிப். 6, வெள்ளி

சாதிக் பாய் வந்தார். பையைத் தூக்கி நாலு தடவை தரையில் அடித்தார். தடவிப் பார்த்தார். "பழைய பைதானே இது? அடுக்குனது யாரு?" வினோதினியைக் காட்டினேன்.

"பரீட்ச முடிஞ்சதும் வந்துடும்மா. எங்க ஆளுங்களுக்கும் இதச் சொல்லிக்குடு."

வகுப்பே கைதட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாருக்கும் கேன்டீனில் டீ, சமோசா.

சாயங்காலம் போன். "வினோதினி அம்மா பேசுறேங்க. நீங்க ஒங்க கையால கருவாடு அடுக்குனீங்களாமே?"

"ஆமாங்க."

"ஸ்கூல்ல படிக்கையில எம்பொண்ணு பக்கத்துல ஒருத்தியும் உக்கார மாட்டாளுங்க, கருவாட்டு நாத்தம்னு. காலேஜுல மூணு வருசமா எந்தொழில வாயத் தொறந்து சொன்னதில்லீங்க. நேத்துத்தான் சொல்லியிருக்கா."

என்னென்னவோ சொல்லிப் போனை வைத்தேன். ஏன் சொல்லவில்லை என்று அவளிடம் கத்தினேனே. நாறும் என்று அவள் எதிரில் நின்று சொன்னதே நான்தான்.