கையெழுத்துக்கு மேலே

சென்னை
9-6-2009, செவ்வாய்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி ஒச்சம்மா எழுதுவது. நலம் என்று எழுதத்தான் ஆசை. நலமா இல்லையா என்பதிலேயே இங்கு இரண்டு பேச்சாக இருக்கிறது. போனில் சொல்ல வந்தால் உங்கள் போட் என்ஜின் சத்தம்தான் கேட்கிறது. மீறிக் கேட்டால் "நீயே பாத்துக்க" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் நாளைக்குப் போர்ட் பிளேருக்குக் கப்பல் ஏறும் குணாவிடம் இதைக் கொடுக்கிறேன். ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் உங்களைத் தேடிப் பிடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

போர்ட் பிளேரில் எழுதிக் கொடுத்தபடி கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் உதிரப்போக்கு நின்றுவிடும் என்று நம்பித்தான் வந்தேன். இங்கே ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, எடுக்காமலும் பார்க்கலாம் என்கிறார். தொடையில் ஊசி குத்துகிற அளவு துளை போட்டு, நூல் மாதிரி ஒரு குழாயை உள்ளே விட்டு, டிவியில் பார்த்துக்கொண்டே கர்ப்பப்பையில் இருக்கிற கட்டிக்கு ரத்தம் போகிற வழியை அடைப்பார்களாம். தீனி இல்லாமல் கட்டி மெல்லச் சுருங்குமாம். தையல் கிடையாது. சில நாள் நல்ல வலி இருக்கும். சிலருக்கு மறுபடியும் தொல்லை வரலாம். மூன்று தரம் கேட்டேன், மூன்று தரமும் புரிந்த மாதிரி தலையாட்டினேன். வெளியே வந்ததும் எல்லாம் குழம்பிவிட்டது.

துணைக்கு வந்த ஷீலாவுக்கு நம்பிக்கை இல்லை. "கிழிக்காம எப்படிக்கா டீக் ஆகும், எப்படிக் குணமாகும்? சும்மா டிவி காட்டி அனுப்பிருவாங்க" என்கிறாள். திட்டிவிட்டேன். அப்புறம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அவளை மருந்து வாங்க அனுப்பிவிட்டு இன்னொன்றும் கேட்டேன். கர்ப்பப்பை இருந்தால் இந்த முப்பத்தைந்து வயதில் கரு தங்குமா என்று. தங்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், தங்காது என்றும் சொல்ல மாட்டேன் என்றார் டாக்டரம்மா. கேட்கவே வெட்கமாக இருந்தது. சுனாமி அலை நம் அகிலாவைக் கொண்டுபோய் நாலரை வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து பிள்ளைப் பேச்சை நீங்களும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. "எடுத்துட்டு வந்துரு" என்று என்னைக் கப்பலேற்றும்போது சொன்னீர்களே, அது என் உடம்பை நினைத்தா, இனிப் பிள்ளையே வேண்டாம் என்று நினைத்தா? அங்கேயே கேட்டிருக்க வேண்டும்.

என் கையெழுத்து இருந்தாலும் ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரர் சம்மதக் கடிதமும் வேண்டுமாம். டியூட்டிக்குப் போகுமுன் வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போவது நம் மரைன் ஹில் பக்கத்துக் கப்பல்காரர்கள் வீட்டு வழக்கம்தானே. நீங்கள் கொடுத்த தாள் பையில் இருக்கிறது. ரேஷனுக்கும் பேங்குக்கும் எழுதி எழுதிப் பழகிய கைக்கு இன்றைக்கு ஒரு வரி ஓடவில்லை. எடுக்கச் சம்மதம் என்று எழுதினால் பயம் தீரும். வேண்டாம் என்று எழுதினால் ஆசை மிஞ்சும். இந்த வயதில் ஆசை எதற்கு என்று என்னையே ஏசிக்கொள்கிறேன். ஏசினாலும் போக மாட்டேன் என்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் தாளைக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமைதான் இது உங்கள் கைக்கு வரும். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். வேளைக்குச் சாப்பிடுங்கள். முருகனுக்கு ஒரு விளக்குப் போடுங்கள்.

அகிலா அப்பா, இப்படி உங்களைக் கூப்பிட்டு ரொம்ப நாளாகிவிட்டது. கையெழுத்துக்கு மேலே நான் என்ன எழுதியிருந்தாலும், அது உங்கள் சொல் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள்
ஒச்சம்மா