செல்வி மருந்தக் குடிச்சிட்டா

பிரியமான என் அக்காவுக்கு,

நாளை சாயங்காலம் ராஜபாளையத்தில் உன் படத்தைத் திறக்கிறார்கள். திறப்பவர் உன் பழைய ஆய்வுக்கூடத் தலைவர். மருந்து ஆராய்ச்சிக்கு நம் பக்கத்திலிருந்து போன முதல் பெண், பெயருக்கு ஆசைப்படாத உத்தமி என்று நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். படித்ததும் கிழித்துவிட்டேன். செத்தவர்களை ஏசக் கூடாது என்பார்கள். நான் ஏசத்தான் எழுதுகிறேன்.

நீ பெரியவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆண்களே நிறைந்த அந்த மதுரை ஆய்வுக்கூடத்தில், வலிப்புக்குப் புது மருந்து தேடி வருடக்கணக்கில் எலிகளோடு மல்லுக்கட்டினாய். மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் நேரம் வந்தபோது சேத்தூருக்கும் செட்டியார்பட்டிக்கும் பஸ் ஏறிப்போய் நோயாளிகளைச் சேர்த்தவளும் நீதான். என்கூட பேண்டேஜ் துணி மடிக்கும் செல்வியை உன்னிடம் கூட்டிவந்தது நான். "எங்க அக்கா குடுக்குற மருந்துட்டி, பயப்படாத" என்று சொல்லித்தான் கூட்டிவந்தேன்.

வலிப்பு நின்றது. அவள் சிரிப்பும் நின்றது. சும்மா இருக்கும்போதே அழுகை வருகிறது என்றாள். உன்னிடம் சொன்னேன். படிவத்தில் 'சோர்வு' என்று எழுதிக்கொண்டாய். அவ்வளவுதானா, அக்கா?

பருத்திக்கு அடிக்க வைத்திருந்ததை அவள் எடுத்துக் குடித்துவிட்ட காலையில் நான்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கூட நின்றேன். ஏற்கெனவே என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று டாக்டர் கேட்டார். நீ கொடுத்த புட்டியில் வெறும் நம்பர்தான் இருந்தது. எதிர்க்கடையிலிருந்து உனக்குப் போன் போட்டேன். லைனில் ஒரே இரைச்சல்.

"அக்கா, செல்வி மருந்தக் குடிச்சிட்டா."

"நல்லதுட்டி. வேள தப்பாமக் குடிக்கச் சொல்லு."

வைத்துவிட்டாய். திரும்பத் திரும்பப் போட்டேன், லைன் கிடைக்கவில்லை.

பருத்திக்காட்டு ஊரில் பிறந்தவளுக்கு, ஒருத்தி மருந்தைக் குடித்துவிட்டாள் என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாதா? இங்கே பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியுமே. எந்தப் படிப்பு உன்னை அதை மறக்க வைத்தது? மூன்றாம் நாள் செல்வி போய்விட்டாள். உன் பதிவேட்டில் அந்தக் காலைக்கு நேராக, வேளை மருந்து சாப்பிட்டாள் என்று ஒரு 'டிக்' இருந்தது.

அறிக்கையில் அவள் சாவை எழுதினாய். தலைவர் அதை அடித்துவிட்டு 'இடையில் விலகினார்' என்று போட்டார். அப்படியானால் என் பெயரையும் அடித்துவிடுங்கள் என்றாய். மனுஷன் சந்தோஷமாக அடித்தார். கட்டுரை வந்தபோது அதில் உன் பெயர் மருந்துக்குக்கூட இல்லை. ஊர் அதைப் பெருந்தன்மை என்றது. நான் கோழைத்தனம் என்றேன், உன் முகத்துக்கு நேரே. நீ வெளியே வந்துவிட்டாய், செல்வி அந்த ஒரு சொல்லுக்குள் மாட்டிக்கொண்டாள். அவள் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது, "எம்மக எங்கம்மா விலகினா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும், அங்கே மருந்து என்றால் என்ன அர்த்தம் என்றுதான் முதலில் விசாரிப்பாயாம். உன்னிடம் படித்தவர்கள் பெருமையாகச் சொன்னார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

போன வாரம் உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பதிவேட்டின் அந்தப் பக்கம் தனியாக இருந்தது. டிக்குக்குப் பக்கத்தில் உன் கையெழுத்து: 'செல்வி, செட்டியார்பட்டி. அன்று குடித்தது விஷம். மனம் வாடுகிறாள் என்று தங்கை முன்பே சொன்னாள். அன்றும் சொன்னாள். நான்தான் கேட்கவில்லை.' கீழே உன் ஒப்பம்.

இதைப் பூட்டி வைத்துக்கொண்டா இத்தனை வருடம் என் ஏச்சை வாங்கினாய்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் ஒன்று சொல்லியிருப்பேன். 'பூச்சி மருந்து' என்று சேர்த்துச் சொல்ல அன்று எனக்கும் தோன்றவில்லை, அக்கா. என்மேல் எனக்கிருந்த அந்தக் கோபத்தையும் சேர்த்துத்தான் உன் தலையில் கொட்டினேன்.

நாளை செல்வியின் அம்மாவை முன்வரிசையில் உட்காரவைப்பேன். அந்த மனுஷன் உன் படத்தின் திரையை விலக்கியதும் மேடையேறி இந்தப் பக்கத்தை வாசிப்பேன். தடுத்தாலும் நிறுத்த மாட்டேன். முதலில் அவள் பெயர், பிறகு உன் பெயர். யாரும் விலகவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

கோபம் இன்னும் ஆறாத,
செல்வியைக் கூட்டிவந்த உன் தங்கச்சி